வளர்ந்த பிள்ளைகளோடு கிராமத்துக்குக் குடிபோகிறவர்களுக்கு

ஐந்தாறு வயதுப் பிள்ளையோடு கிராமத்துக்குக் குடிவருகிறவர்களுக்குச் சொல்ல அதிகம் இல்லை. அந்த வயதுக்கு மண்ணும் மரமும் ஓட இடமும் கிடைத்தால் போதும், பொழுது போவதே தெரியாது. பத்து வயதைத் தாண்டிய பிள்ளையோடு வருகிறவர்களின் நிலைமை வேறு. எட்டு வயதில் விரிந்து கிடந்த அதே ஊர் பதின்மூன்று வயதில் சுருங்கிவிடுகிறது. ஊர் அப்படியேதான் இருக்கிறது, பிள்ளைக்கு வேண்டியவைதான் மாறிவிட்டன. இப்போது அவர்களுக்குத் தன் வயதுக்காரர்கள் வேண்டும், தானாகப் போய்வர வழி வேண்டும், யார் கண்ணிலும் படாமல் கொஞ்ச நேரம் இருக்க ஓர் இடம் வேண்டும், தன்னை நம்பி யாராவது ஒரு பொறுப்பை ஒப்படைக்க வேண்டும். கடைசியில் சொன்னது கிராமத்தில் தாராளமாகக் கிடைக்கும். மற்ற மூன்றையும் நாம்தான் ஏற்பாடு செய்து தர வேண்டும்.

என் அனுபவத்தில் நான் உறுதியாக நம்புவது இது: வெளியே போகவும் திரும்பி வரவும் வழி இருக்கிறது என்று தெரிந்த பிள்ளைதான் ஊருக்குள் மனம் ஒன்றி இருக்கும். வழியை அடைத்துவிட்டு, "இங்கே என்ன குறைச்சல்?" என்று கேட்டுப் பயனில்லை.

வருவதற்கு முன்

குடிபோகும் முடிவு பெரும்பாலும் பெற்றோருடையது. வேலை, நிலம், வயதான தாய் தந்தை, நகரத்து வாடகை என்று காரணம் எதுவானாலும் பிள்ளையிடம் உள்ளதை உள்ளபடியே சொல்லிவிடுங்கள். "உன் நல்லதுக்காகத்தான் போகிறோம்" என்பது பாதி உண்மைதான் என்று 14 வயதுக்கு உடனே தெரிந்துவிடும். அப்புறம் நீங்கள் சொல்லும் மற்றதிலும் நம்பிக்கை குறையும்.

1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12ஆவது பிரிவு, தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லும் உரிமை பிள்ளைக்கு உண்டு என்றும், வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அந்தக் கருத்துக்கு மதிப்புத் தர வேண்டும் என்றும் சொல்கிறது. கருத்துக் கேட்பது வேறு, கேட்பது போல் காட்டிக்கொள்வது வேறு. "போகலாமா வேண்டாமா?" என்று கேட்டுவிட்டு, வேண்டாம் என்ற பதிலைத் தூக்கிப் போடாதீர்கள். "போவது முடிவாகிவிட்டது. எப்போது போவது, எந்த அறை உனக்கு, பழைய நண்பர்களை எப்போது பார்க்க வருவது, இதையெல்லாம் சேர்ந்து முடிவு செய்வோம்" என்று சொல்வது நேர்மை. பழைய ஊருக்குத் திரும்பிப் போகும் முதல் தேதியை மூட்டை கட்டும் முன்பே நாட்காட்டியில் குறித்துவிடுங்கள். அந்த ஒரு தேதி பிள்ளைக்குப் பெரிய தைரியம்.

பொதுத்தேர்வு எழுதும் ஆண்டில் ஊர் மாறாதீர்கள், தவிர்க்கவே முடியாவிட்டால் ஒழிய. கல்வியாண்டின் தொடக்கத்துக்கு ஒரு மாதம் முன்னால் வந்து சேர்வது நல்லது. பள்ளி திறக்கும்போது இரண்டு மூன்று முகங்களாவது பழகியிருக்கும்.

புது ஊரை நல்ல வெயில் நாளில் ஒருமுறை பாருங்கள், மழை நாளில் ஒருமுறை பாருங்கள். மழையில் பாதை என்ன ஆகிறது, மின்சாரம் எத்தனை நேரம் போகிறது என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். பிள்ளை பள்ளிக்குப் போக வேண்டிய அதே பேருந்தில், அதே நேரத்தில், நீங்கள் ஒருமுறை போய்வாருங்கள். பள்ளியில் கேட்க வேண்டிய கேள்விகளில் முக்கியமானது, மேல் வகுப்புகளில் என்னென்ன பாடப்பிரிவுகள் இருக்கின்றன என்பது. சிறிய பள்ளிகளில் பத்தாம் வகுப்பு வரை எல்லாம் சரியாக இருக்கும், அதற்குப் பிறகு பிள்ளைக்கு வேண்டிய பிரிவே இருக்காது. இரண்டு வருடம் கழித்துத் திகைப்பதைவிட இன்றே கேட்டுவிடலாம். மாலையில் விளையாட்டுப் பயிற்சிக்கு நின்றால் வீடு திரும்ப வண்டி உண்டா என்பதையும் கேளுங்கள். நிறையப் பிள்ளைகள் விளையாட்டை விடுவதற்குக் காரணம் ஆர்வக்குறைவே அல்ல, கடைசிப் பேருந்துதான்.

முதல் வாரம்: போய்வரும் வழிகள்

ஒரு பெரிய தாளை எடுத்துப் பிள்ளையோடு உட்காருங்கள். பிள்ளை போக விரும்பும் இடங்களை வரிசையாக எழுதச் சொல்லுங்கள்: பள்ளி, நூலகம், விளையாட்டுத் திடல், நண்பர் வீடு, பக்கத்து நகரம். ஒவ்வொன்றுக்கும் நேரே எவ்வளவு தூரம், நடந்தா சைக்கிளிலா பேருந்திலா, முதல் வண்டி எப்போது, கடைசி வண்டி எப்போது, அதைத் தவறவிட்டால் யாரைக் கூப்பிடுவது என்று நிரப்புங்கள். சுவரில் ஒட்டிவையுங்கள். நிரப்ப முடியாத கட்டங்கள் எங்கே இருக்கின்றனவோ அங்கேதான் உங்கள் வேலை இருக்கிறது.

அப்புறம் ஓர் ஒப்பந்தம். வாரத்தில் இத்தனை முறை பெற்றோர் வண்டியில் கொண்டுவிடுவார்கள், அது பிள்ளையின் உரிமை, கெஞ்ச வேண்டியதில்லை. எங்கே போவது என்பதைப் பிள்ளை இரண்டு நாள் முன்னதாகச் சொல்லிவிட வேண்டும். ஒரே வழியில் போகும் மற்ற குடும்பங்களோடு முறை வைத்துக்கொண்டால் பெட்ரோலும் மிச்சம், நட்பும் கூடும். பெற்றோர் வண்டி ஓட்டும் நேரம் வீண் என்று நினைக்காதீர்கள். முகத்தைப் பார்க்காமல் பக்கவாட்டில் உட்கார்ந்திருக்கும்போது பதின்வயதுப் பிள்ளை பேசும் பேச்சு, வீட்டில் எதிரே உட்கார வைத்துக் கேட்டாலும் வராது.

சைக்கிள் அவசியம். சைக்கிளோடு கூடவே அதைப் பழுது பார்க்கும் திறமையும் அவசியம். வழியில் பஞ்சரானால் உதவிக்கு ஆள் வர நேரமாகும். ஆகவே வீட்டு வாசலில் உட்கார்ந்து ஒருமுறை முழுமையாகச் செய்து பார்க்கட்டும். சக்கரத்தைக் கழற்றி, டயரின் ஓரத்தை நெம்பி, ட்யூபை வெளியே எடுத்து, காற்றடித்துத் தண்ணீரில் அமுக்க வேண்டும். குமிழி வரும் இடத்தில் குறி போட்டு, துடைத்து உலர்த்தி, உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, பசை தடவ வேண்டும். எல்லாரும் அவசரப்படும் இடம் இதுதான். பசை ஈரமாக இருக்கும்போதே ஒட்டினால் பிடிக்காது. தொட்டால் விரலில் ஒட்டாத பதத்துக்குக் காய்ந்த பிறகு ஒட்டுத்துண்டை வைத்து அழுத்த வேண்டும். ட்யூபை உள்ளே போடும் முன் டயரின் உட்புறத்தைக் கந்தைத் துணியால் சுற்றிலும் தடவிப் பார்க்கட்டும். குத்திய முள் இன்னும் அங்கேயே இருக்கும், துணியில் மாட்டும். அதை எடுக்காவிட்டால் அடுத்த வளைவில் மறுபடி பஞ்சர். இதைத் தானாகச் செய்து முடித்த பிள்ளை அன்றைக்குக் கொஞ்சம் நிமிர்ந்து நடக்கும்.

முன் விளக்கு, பின் விளக்கு, வெளிச்சம் பட்டால் மின்னும் பட்டை, ஹெல்மெட், இவற்றில் பேரம் வேண்டாம். தெருவிளக்கில்லாத சாலையில் வண்டி ஓட்டுபவருக்குச் சைக்கிள்காரர் கண்ணுக்குத் தெரியும்போது பெரும்பாலும் தாமதமாகியிருக்கும்.

பைக் கேட்கும் காலம் கட்டாயம் வரும். கிராமத்தில் உரிமம் இல்லாமல் ஓட்டுவதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், "எல்லாரும் ஓட்டுறாங்க" என்பது உண்மையாகவும் இருக்கும். இங்கே நான் கண்டிப்பின் பக்கம். சட்டப்படியான வயது வரும்வரை சாவி கைக்குப் போகக் கூடாது. மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டைன்பெர்க் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2005இல் வெளியிட்ட ஆய்வில், கணினியில் கார் ஓட்டும் விளையாட்டைப் பலருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். நண்பர்கள் பக்கத்தில் இருந்தபோது 13 முதல் 16 வயதுப் பிள்ளைகள் தனியாக ஆடியதைவிட அதிகமாகத் துணிந்து ஆபத்தை வரவழைத்தார்கள். 24 வயதைத் தாண்டியவர்களிடம் அந்த வித்தியாசம் இல்லை. நம் பிள்ளை தனியாக இருக்கும்போது எவ்வளவு பொறுப்பானவன் என்பது நமக்குத் தெரியும். பின்னால் இரண்டு பேர் உட்கார்ந்திருக்கும்போது அவனே வேறு ஆள். மற்றவர் வண்டியில் பின்னால் ஏறினாலும் ஹெல்மெட் கட்டாயம். மோட்டார் சைக்கிள் விபத்துகளில் ஹெல்மெட் உயிரிழப்பு அபாயத்தைச் சுமார் 42 சதவீதமும் தலைக்காய அபாயத்தைச் சுமார் 69 சதவீதமும் குறைக்கிறது.

கடைசியாக ஒரு வாக்குறுதி, இதைப் பிள்ளையிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்: "எந்த நேரமானாலும், எங்கே இருந்தாலும், கூட இருக்கிறவன் குடித்திருந்தால், இல்லை உனக்கே சரியாகப் படாவிட்டால் போன் போடு. வந்து கூட்டிக்கொண்டு வருகிறேன். வழியில் ஒரு கேள்வியும் கேட்க மாட்டேன். மறுநாள் பேசிக்கொள்ளலாம்." ஒருநாள் போன் வந்தால் சொன்னபடியே நடந்துகொள்ளுங்கள். வழியில் ஒரே ஒரு கேள்வி கேட்டாலும் அடுத்த போன் வராது.

இரண்டாம் வாரம்: ஆபத்துகளைச் சேர்ந்து நடந்து பாருங்கள்

நகரத்துப் பிள்ளைக்குச் சாலையைக் கடக்கத் தெரியும், கிணற்றங்கரையில் நிற்கத் தெரியாது. இதில் வயதைப் பார்த்து ஏமாறாதீர்கள். 15 வயதுப் பிள்ளை புது ஊரில் இந்த விஷயங்களில் குழந்தைதான். ஊரை நன்றாக அறிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு, வீட்டைச் சுற்றி, வயலைச் சுற்றி, நீர்நிலைகளைச் சுற்றி ஒரு நடை போங்கள். பயமுறுத்த வேண்டாம், காரணத்தோடு சொல்லுங்கள்.

தண்ணீர் முதலில். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 5 முதல் 14 வயது வரையானவர்களின் இறப்புக் காரணங்களில் நீரில் மூழ்குவது மூன்றாவது இடத்தில் இருக்கிறது. நீச்சல் தெரியாவிட்டால் அதுதான் புது ஊரில் முதல் பாடம், மற்ற எல்லா வகுப்புகளுக்கும் முன்னால். நீச்சல் குளத்தில் கற்றவர்களும் குட்டை, ஆறு, கிணறு என்று வந்தால் மறுபடி கற்க வேண்டும். அடியில் சேறு, கண்ணுக்குத் தெரியாத இழுப்பு, ஏறப் படியில்லாத சுவர் எல்லாம் அங்கே இருக்கும். தெரியாத நீரில் தலைகீழாகக் குதிக்கக் கூடாது. யாராவது தத்தளித்தால் உடனே குதிக்கவும் கூடாது. கத்தி ஆளைக் கூப்பிட்டு, கயிறோ கழியோ காலி பிளாஸ்டிக் கேனோ எறிய வேண்டும். நண்பனைக் காப்பாற்றக் குதித்து இருவரும் மூழ்குவது அடிக்கடி நடக்கும் கொடுமை.

பாழுங்கிணறு, கழிவுநீர்த் தொட்டி, சாணக்குழி, மூடிய தானியக் கிடங்கு, இவற்றுக்குள் இறங்கவே கூடாது. உள்ளே நச்சு வாயு சேர்ந்திருக்கலாம், ஆக்சிஜன் இல்லாமலும் இருக்கலாம். உள்ளே விழுந்தவரை எடுக்க இறங்கியவரும் மயங்கி விழுவார். தானியம் கொட்டிக்கொண்டிருக்கும் குவியலில் நின்றால் சில விநாடிகளில் கால் புதைந்துவிடும், தானாக மீள முடியாது.

டிராக்டரில் இருக்கை ஒன்று, ஆளும் ஒன்று. சக்கர மூடியின் மேல் உட்கார்ந்து போவதை ஊரில் எல்லாரும் செய்வார்கள், நம் பிள்ளை செய்யக் கூடாது. பின்பக்கத்தில் கருவிகளைச் சுழற்றும் தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று ஓடும், அதாவது விநாடிக்கு ஒன்பது. சட்டையின் ஓரமோ, தொங்கும் துணியோ, அவிழ்ந்த முடியோ அதில் மாட்டினால் இழுத்துக்கொள்ள வேண்டிய நேரம்கூடக் கிடைக்காது. அது நின்ற நிலையில் இருக்கும்போது பிள்ளையைப் பக்கத்தில் கூட்டிப்போய்க் காட்டுங்கள், தண்டைச் சுற்றிப் பாதுகாப்பு மூடி போட்டிருக்கிறதா என்று பிள்ளையே பார்க்கட்டும். ஓடும்போது கிட்டப் போகக் கூடாது, தாண்டவும் கூடாது.

பூச்சிமருந்தைப் பூட்டித்தான் வைக்க வேண்டும், சாவி பெரியவர்களிடம் இருக்க வேண்டும். தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைப்பது எந்த நாளும் கூடாது. மருந்தடித்த வயலுக்குள் எத்தனை நேரம் கழித்துப் போகலாம் என்று குப்பியின் மேலேயே எழுதியிருக்கும், அதைப் படிக்கப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுங்கள். பூட்டி வைக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. உலகில் நடக்கும் தற்கொலைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று பூச்சிமருந்தால் நடப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. பதின்வயதில் மனம் நொறுங்கும் அந்த ஒரு மணி நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் எதுவும் இல்லாமல் பார்த்துக்கொள்வது உயிரைக் காக்கும்.

பாம்பு உள்ள பகுதி என்றால், இருட்டில் டார்ச்சும் காலை மூடும் காலணியும் இல்லாமல் வெளியே கால் வைக்கக் கூடாது. கடித்தால் செய்ய வேண்டியதை ஒத்திகை பாருங்கள்: அசையாமல் இருப்பது, மோதிரம், கடிகாரம் போன்றவற்றைக் கழற்றுவது, கடிபட்ட கையையோ காலையோ ஆடாமல் தாங்கிப் பிடித்துக்கொண்டு நேராக மருத்துவமனைக்குப் போவது. இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது, பாம்பைத் துரத்துவது எல்லாம் வேண்டாம். விஷமுறிவு மருந்து இருக்கும் அருகிலுள்ள மருத்துவமனை எது என்று இன்றே விசாரித்துச் சுவரில் ஒட்டிய அந்தத் தாளில் எழுதுங்கள்.

பொறுப்பு கொடுப்பது

கிராமத்து வாழ்க்கையின் உண்மையான வரம் இது. நகரத்தில் 14 வயதுப் பிள்ளையை நம்பி எதுவும் இல்லை, அவர்கள் செய்யாவிட்டால் ஒன்றும் நின்றுபோகாது. இங்கே கோழிக் கூட்டை அந்திக்கு அடைக்க மறந்தால் காலையில் கோழி இருக்காது. அந்த எடையை வளரும் பிள்ளை விரும்புகிறது, வெளியே முணுமுணுத்தாலும்.

ஏவலாகக் கொடுக்காதீர்கள், முழு வேலையாகக் கொடுங்கள். "அந்த வாளியை எடுத்து வா, இதைப் பிடி" என்பது ஏவல். "கோழிகள் உன் பொறுப்பு. தீவனம் வாங்குவது, கூடு சுத்தம் செய்வது, முட்டைக் கணக்கு எல்லாம் உன்னுடையது. லாபத்தில் பாதி உனக்கு" என்பது வேலை. ஒரு நோட்டில் வரவு, செலவு, முட்டை எண்ணிக்கை மூன்றையும் எழுதட்டும். முட்டை குறையும் வாரத்தில் ஏன் என்று பிள்ளையே துப்புத் துலக்கும்: தீவனமா, நாள் வெளிச்சம் குறைந்ததா, இறகு உதிரும் பருவமா, பாம்பா, கீரியா. அதில் இருக்கும் கணக்கும் அறிவியலும் எந்தப் பாடப்புத்தகத்துக்கும் குறைந்தவை அல்ல. சில தவறுகள் நடக்கும், நீங்கள் பார்த்துக்கொண்டு பேசாமல் இருக்க வேண்டும். பெற்றோருக்கு இதுதான் கஷ்டம்.

எல்லை எங்கே என்பதில் தெளிவு வேண்டும். உலகத் தொழிலாளர் அமைப்பின் 138ஆவது உடன்படிக்கை பொதுவாக 15 வயதைக் குறைந்தபட்ச வேலை வயதாகவும், ஆபத்தான வேலைக்கு 18 வயதையும் வைக்கிறது. 13 வயதிலிருந்து படிப்பைக் கெடுக்காத இலகுவான வேலைகளுக்கு இடம் தருகிறது. 2024ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி உலகில் குழந்தைத் தொழிலாளர்கள் சுமார் 13.8 கோடி பேர், அவர்களில் ஐந்தில் மூன்று பங்கு விவசாயத்தில் இருக்கிறார்கள். பெரும்பாலானோர் அந்நியர் வயலில் இல்லை, தங்கள் குடும்ப வேலையில்தான் இருக்கிறார்கள். ஆகவே "நம்ம வீட்டு வேலைதானே" என்ற சமாதானம் போதாது. படிப்புக்கோ உறக்கத்துக்கோ விளையாட்டுக்கோ இடைஞ்சல் வந்தால் வேலை அதிகம் என்று பொருள். மருந்தடிப்பது, பெரிய இயந்திரம் ஓட்டுவது, உயரத்தில் ஏறுவது போன்றவை வளர்ந்து ஆளானபிறகு. மகளுக்குச் சமையலறை, மகனுக்கு வயல் என்று பிரிக்கவும் வேண்டாம். இருவரும் இரண்டையும் கற்கட்டும்.

உறக்கமும் செல்போனும்

6 முதல் 12 வயது வரை 9 முதல் 12 மணி நேரமும், 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரமும் உறக்கம் வேண்டும் என்பது அமெரிக்க உறக்க மருத்துவ அகாடமியின் பரிந்துரை. பருவமடையும் காலத்தில் உடலின் கடிகாரமே பின்தள்ளிப் போகிறது. முன்பு ஒன்பது மணிக்குக் கண்ணைச் சொக்கிய பிள்ளைக்கு இப்போது பதினொன்றுக்குத்தான் தூக்கம் வரும். அது சோம்பல் இல்லை. ஆனால் கிராமத்தில் பள்ளி தூரம், பேருந்து சீக்கிரம் வரும், ஊரும் விடியும் முன்பே எழுந்துவிடும். இந்த மூன்றும் சேர்ந்தால் உறக்கம்தான் அடிபடும். காலை வேலைகளை மாலைக்கு மாற்றுங்கள், புத்தகப்பையையும் உடுப்பையும் இரவே எடுத்து வையுங்கள், விடுமுறை நாளில் கொஞ்சம் கூடுதலாகத் தூங்க விடுங்கள்.

செல்போனை இரவில் படுக்கையறைக்கு வெளியே வைக்கும் வழக்கம் பெற்றோருக்கும் சேர்த்தே இருந்தால்தான் நடக்கும். மற்றபடி போனை முழுக்கப் பிடுங்கிவிடாதீர்கள். கிராமத்துக்குக் குடிவந்த பிள்ளைக்குப் பழைய நண்பர்களோடும், தன்னைப் போன்ற ஆர்வம் உள்ளவர்களோடும் இருக்கும் ஒரே கதவு அதுவாக இருக்கலாம். சிக்னல் சரியில்லாத ஊர் என்றால் நூலகத்திலோ பள்ளியிலோ பாடங்களை இறக்கி வைத்துக்கொள்ளும் பழக்கத்தைச் சொல்லிக்கொடுங்கள்.

நட்பு, தனிமை, ஊர் வாய்

சிறிய ஊரில் ஒரே வயதுப் பிள்ளைகள் நாலைந்து பேர்தான் இருப்பார்கள். அவர்களோடு ஒட்டினால் நல்லது. ஒட்டாவிட்டால், அல்லது சண்டை வந்தால், மாற்று இல்லை. அதனால் ஊருக்கு வெளியே இரண்டாவது வட்டம் ஒன்று வேண்டும். விளையாட்டு அணி, இசை வகுப்பு, அறிவியல் மன்றம், எதுவானாலும் சரி, வாரம் ஒருமுறை வேறு முகங்களைப் பார்க்க வைக்கும் ஏதாவது ஒன்று. ஊருக்குள் வயது வித்தியாசம் பார்க்காத நட்புகளும் நல்லவை. தச்சரோடும், ஓய்வுபெற்ற ஆசிரியரோடும், மாடு வளர்க்கும் பாட்டியோடும் பழகும் பிள்ளை பெரியவர்களோடு பேசக் கற்றுக்கொள்ளும். அப்படிப்பட்ட பெரியவர்களை நீங்களும் நன்றாக அறிந்திருக்க வேண்டும், பிள்ளை எங்கே இருக்கிறது என்பது எப்போதும் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்த ஊர், தெரிந்த ஆள் என்பதாலேயே யாரும் பாதுகாப்பானவர் ஆகிவிட மாட்டார். உடலைத் தொடுவது, ரகசியம் காக்கச் சொல்வது பற்றியெல்லாம் பிள்ளையிடம் வெளிப்படையாகப் பேசியிருங்கள்.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. உங்கள் மகள் யாரோடு பேசினாள், மகன் எந்த மரத்தடியில் நின்றான் என்பது அவர்கள் வீடு சேரும் முன்பே உங்களுக்கு வந்துவிடும். இந்தச் செய்தியை என்ன செய்வது என்பதில்தான் பெற்றோரின் திறமை இருக்கிறது. ஸ்வீடனில் 14 வயதுப் பிள்ளைகளிடம் ஹோகன் ஸ்டாட்டின், மார்கரெட் கெர் இருவரும் நடத்தி 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இங்கே உதவும். பிள்ளையைப் பற்றிப் பெற்றோருக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி வேவு பார்த்ததாலோ கட்டுப்படுத்தியதாலோ வந்ததில்லை, பிள்ளையே வலிய வந்து சொன்னதால் வந்தது என்று அவர்கள் கண்டார்கள். ஊர் சொன்னதை வைத்துப் பிள்ளையை மடக்கினால், அடுத்த முறை ஊருக்குத் தெரியாமல் செய்யத்தான் கற்றுக்கொள்ளும். சேதி கொண்டுவருபவருக்கு, "சரி, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று மட்டும் சொல்லுங்கள். ஆபத்தான விஷயம் இல்லையென்றால் ஒருநாள் பொறுங்கள். பல சமயம் பிள்ளையே சாப்பிடும்போது சொல்லிவிடும். உறுதியாகக் கேட்க வேண்டிய விஷயமானால் ஊரில் பேச்சு வந்ததை மறைக்காமல் கேளுங்கள்: "இப்படி ஒரு பேச்சு வந்தது. உன்னிடம் கேட்காமல் நம்பப் போவதில்லை. என்ன நடந்தது?"

பெண்பிள்ளைகளுக்கு இந்தப் பார்வையின் பாரம் இரட்டிப்பு. அண்ணன் இருட்டிய பிறகும் திரிவான், தங்கைக்கு வாசலே எல்லை என்று பல வீடுகளில் தானாகவே அமைந்துவிடுகிறது. ஊருக்குப் பயந்து அதை ஏற்றுக்கொள்ளாதீர்கள். எல்லைகள் வயதை வைத்து இருக்கட்டும். எங்கே, யாரோடு, எப்போது திரும்புவது என்ற கேள்விகள் இருவருக்கும் பொதுவாக இருக்கட்டும்.

பிள்ளைக்கு வீட்டுக்குள் மூடிக்கொள்ள ஒரு கதவு வேண்டும். தனி அறை இல்லாவிட்டால் ஒரு மூலைக்குத் திரை போட்டால்கூடச் சரி. தட்டாமல் திறக்கக் கூடாது. நாள் முழுக்க ஊர் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு அது மூச்சுவிடும் இடம்.

உடலும் மனமும்

பருவ மாற்றங்கள் பெண்பிள்ளைகளுக்குப் பொதுவாக 8 முதல் 13 வயதுக்குள்ளும் ஆண்பிள்ளைகளுக்கு 9 முதல் 14 வயதுக்குள்ளும் தொடங்கும். கடை தூரமாக இருந்தால் மாதவிடாய்ப் பொருட்களை இரண்டு மாதத்துக்கு முன்கூட்டியே வாங்கி வையுங்கள், பிள்ளை கேட்க வேண்டிய நிலை வரக் கூடாது. உள்ளூர் மருந்துக் கடைக்காரர் குடும்ப நண்பராக இருந்தால், பிள்ளை அவரிடம் தன் சந்தேகத்தைக் கேட்காது. ஊரைத் தாண்டி ஒரு மருத்துவரை ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். ஒரு வயதுக்கு மேல், மருத்துவரிடம் தனியாகப் பேசப் பிள்ளைக்குச் சில நிமிடம் கொடுத்துவிட்டு வெளியே உட்காருங்கள்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 10 முதல் 19 வயதுக்குட்பட்டவர்களில் ஏழு பேரில் ஒருவருக்கு மனநலச் சிக்கல் இருக்கிறது. புது ஊரில் முதல் சில வாரங்கள் முகம் சுண்டியிருப்பது இயல்பு. ஆனால் தூக்கமும் பசியும் மாறி, பிடித்த காரியங்களிலும் ஆர்வம் போய், அது இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் "சரியாகிவிடும்" என்று இருக்காதீர்கள். சாவைப் பற்றிப் பேச்சு வந்தால் ஒருநாள்கூடக் காத்திருக்க வேண்டாம். நேரடியாகக் கேளுங்கள், கேட்பதால் எண்ணம் புதிதாக வந்துவிடாது. பக்கத்தில் இருங்கள், மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.

15 வயதிலிருந்து: போவதற்குப் பழக்குதல்

மேற்படிப்புக்கோ வேலைக்கோ பெரும்பாலான பிள்ளைகள் ஊரைவிட்டுப் போவார்கள். நகரத்துப் பிள்ளை வீட்டிலிருந்தே கல்லூரிக்குப் போகலாம், கிராமத்துப் பிள்ளைக்குப் பதினெட்டு வயதில் வீட்டையும் ஊரையும் ஒரே நாளில் விட வேண்டிவரும். அதற்குப் படிப்படியாகப் பழக்கலாம். 15 வயதில் பக்கத்து நகரத்துக்குத் தனியாகப் போய் ஒரு வேலையை முடித்து வரட்டும்: வங்கியில் ஒரு படிவம், நூலகத்தில் ஒரு புத்தகம். 16 வயதில் உறவினர் வீட்டில் ஒரு வாரம் தங்கட்டும், அந்த வாரத்தின் செலவுப் பணம் முழுவதும் அவர்கள் கையில் இருக்கட்டும். 17 வயதில், தான் படிக்க நினைக்கும் கல்லூரியைப் போய்ப் பார்த்து, விடுதி, கட்டணம், விண்ணப்பத் தேதி எல்லாவற்றையும் விசாரித்துக்கொண்டு வரட்டும். நீங்கள் கூடப் போனாலும் கேள்வி கேட்பது அவர்களாக இருக்கட்டும்.

சமைக்க, துணி துவைக்க, காய்ச்சல் வந்தால் வெப்பநிலை பார்க்க, ஒரு மாதப் பணத்தை முப்பது நாளும் நீட்டிக்க, ஒரு மின்னஞ்சல் எழுத, வேண்டாததை வேண்டாம் என்று சொல்ல, இவையெல்லாம் கிளம்பும் வாரத்தில் கற்றுக்கொடுக்க முடியாதவை. ஒரு வருடம் முன்னதாகவே தொடங்குங்கள்.

"படித்துவிட்டு இங்கேயேதான் வர வேண்டும்" என்றும் சொல்லாதீர்கள், "இந்த ஊரில் என்ன இருக்கிறது, தப்பித்துப் போ" என்றும் சொல்லாதீர்கள். இரண்டுமே பிள்ளையின் முடிவை நாம் எடுப்பது. நிலம், வீடு, கடன், வருமானம் எல்லாவற்றின் கணக்கையும் 17 வயதுக்குள் அவர்களிடம் திறந்து காட்டுங்கள். இங்கே பிழைக்க என்ன வழி, அதில் எவ்வளவு கிடைக்கும் என்று உண்மையான எண்களோடு தெரிந்தால்தான் தங்குவதா போவதா என்று யோசிக்க அவர்களிடம் ஏதாவது இருக்கும்.